கடலின் முஅல்லிம் அஹ்மத் இப்னு மாஜித்

நமக்கு ஓதித் தந்தவரை முஅல்லிம் என்கிறோம். பெண்ணாக இருந்தால் முஅல்லிமா. இந்து சமுத்திரத்தில் அறபுப் பாய்க்கப்பல்கள் ஓடிய காலத்தில் கப்பலிலும் ஒரு முஅல்லிம் இருந்தார். சரக்குக்கும் ஆட்களுக்கும் பொறுப்பு நகுதா. இரவில் வானத்தைப் பார்த்து, கப்பல் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்லும் பொறுப்பு முஅல்லிமுக்கு. அந்தச் சொல்தான் தமிழ்க் கரைக்கு வந்து மாலுமி ஆனது. இன்று கப்பலில் வேலை செய்யும் எவரையும் மாலுமி என்று சொல்லிவிடுகிறோம். முன்பு அது படித்து, சோதிக்கப்பட்டு, பெற்றுக்கொள்ள வேண்டிய பெயர்.

அந்தப் பெயருக்கு மிகப் பெரிய சொந்தக்காரர் அஹ்மத் இப்னு மாஜித். ஆனால் நம்மில் பலருக்கு அவரைப் பற்றித் தெரிந்திருப்பது ஒரே ஒரு செய்தி: வாஸ்கோ ட காமாவுக்கு இந்தியாவுக்கு வழிகாட்டியவர் அவர்தான் என்பது. சிலர் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். சிலர், போர்த்துக்கேயரை நம் கடலுக்குள் அழைத்து வந்த முஸ்லிம் என்று மனம் கசந்து சொல்கிறார்கள். அந்தச் செய்திக்குப் பிறகு வருகிறேன். ஆள் யார், அவருடைய தொழில் என்ன என்று தெரியாமல் அதை நம்புவதும் நியாயமில்லை, மறுப்பதும் நியாயமில்லை.

அவர் பிறந்த ஊர் ஜுல்ஃபார். இன்றைய ஐக்கிய அறபு இராச்சியத்தில் ராஸ் அல் கைமா இருக்கும் கரை. பிறந்தது 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். தகப்பனும் பாட்டனும் முஅல்லிம்கள். செங்கடலில் கப்பல் விட்டவர்கள். செங்கடல் பவளப்பாறை நிறைந்தது. அங்கே பிழைவிட்டவன் இரண்டாவது முறை பிழைவிட உயிரோடு இருப்பதில்லை. தகப்பனார் செங்கடல் வழிகளை ஹிஜாஸிய்யா என்ற நீண்ட செய்யுளாகப் பாடி வைத்தார். மகன் அதைப் படித்தார், மனனம் செய்தார், பிறகு கடலுக்குப் போய் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். தகப்பனின் கணக்கில் பிழை இருந்த இடத்தில் பிழை என்றே எழுதினார். எனக்கு அவர் மீது மரியாதை வந்தது இந்த இடத்தில்தான். வாப்பா சொன்னது, அப்பா சொன்னது என்பதற்காக ஒரு பாறையை இல்லாத இடத்தில் அவர் வைத்திருக்கவில்லை.

இதே பார்வையைத் தமக்கு முன்னிருந்த பெரியவர்கள் மீதும் வைத்தார். முஹம்மத் இப்னு ஷாதான், ஸஹ்ல் இப்னு அபான், லைத் இப்னு கஹ்லான் ஆகிய மூவரையும் அக்காலக் கடலோடிகள் கடலின் சிங்கங்கள் என்று கொண்டாடினார்கள். இப்னு மாஜித் அவர்களை மதிக்கிறார். ஆனால் அவர்கள் பல கரைகளைப் பற்றிப் பிறரிடம் கேட்டு எழுதியவர்கள், தாமே போய்ப் பார்த்து எழுதியவர்கள் அல்லர் என்பதையும் மறைக்காமல் சொல்கிறார். அதே மூச்சில் அந்த மூவரோடு நாலாவது ஆள் தாம்தான் என்றும் சொல்லிக்கொள்கிறார். அடக்கம் அவருடைய பலம் அல்ல. தம் பெருமையைத் தாமே பாடுவதில் அவருக்குச் சற்றும் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

எழுதியது சுமார் 40 நூல்கள். பெரும்பாலானவை செய்யுள். ஹாவிய்யா என்று சுருக்கமாக அழைக்கப்படும் முதற்பெரும் நூல் ஹிஜ்ரி 866இல், அதாவது 1462இல், முடிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல் வரிகள். ஏன் செய்யுள் என்று கேட்பீர்கள். பாய்க்கப்பலின் தளத்தில் நள்ளிரவில் விளக்கை வைத்துக்கொண்டு ஏடு புரட்ட முடியாது. காற்று விடாது, கண்ணும் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும். மனதில் இருப்பது மட்டுமே அந்நேரம் கைகொடுக்கும். நம்முடைய பழைய வைத்தியர்கள் மருந்தளவுகளைப் பாட்டாகக் கட்டி வைத்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

எல்லாவற்றிலும் பெரியது உரைநடையில் எழுதிய கிதாபுல் ஃபவாயித். ஹிஜ்ரி 895இல், 1490 அளவில், முடித்தார். 12 பகுதிகள். கடற்கலையின் தோற்றம், மாலுமியின் கடமைகள், சந்திரன் தங்கும் 28 மனைகள், நட்சத்திரங்கள் உதிக்கும் இடங்களையும் மறையும் இடங்களையும் பெயராகக் கொண்ட 32 திசைகள், பருவக்காற்றுகள், துறைமுகங்கள் என்று போகிறது. பெரிய தீவுகளைப் பற்றிய பகுதியில் ஸுமாத்ரா, ஜாவா, ஸொகோத்ரா ஆகியவற்றோடு நம் இலங்கையும் இருக்கிறது. கிப்லாவைக் கண்டறிவது பற்றித் தனியாக ஒரு செய்யுள் நூலும் செய்திருக்கிறார். நட்சத்திரங்களைத் தரையின் இருளிலும் கடலின் இருளிலும் வழியறிய அமைத்தான் என்று சூரா அல்-அன்ஆம் சொல்வதை நாம் ஓதிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடுகிறோம். அந்த மனிதர் அங்கேயே நின்று வாழ்நாளைச் செலவிட்டார்.

அவருடைய கருவி என்ன? ஒரு சிறு மரப்பலகை, ஒரு கயிறு. அவ்வளவுதான். பிற்காலத்தில் கமால் என்று பெயர் பெற்றது. சோழமண்டலக் கரையின் தமிழ் மாலுமிகளிடமும் இத்தகைய பலகை இருந்தது; இராப்பலகை என்பார்கள். கயிற்றின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு பலகையை முகத்துக்கு நேரே கயிறு விறைக்கும் வரை நீட்ட வேண்டும். பலகையின் கீழ் விளிம்பு கடலும் வானமும் தொடும் கோட்டில் உட்கார வேண்டும். மேல் விளிம்பில் துருவ நட்சத்திரம், அறபியில் அல்-ஜாஹ், தொட்டு நின்றால் அந்தப் பலகைக்குரிய உயரத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். பழைய முறையில் ஒன்பது பலகைகள் கொண்ட தொகுதி ஒன்று இருந்தது. பின்னர் ஒரே பலகையும் முடிச்சுப் போட்ட கயிறும் வந்தன; ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகம். கல்கத்தாவில் இருந்த ஜேம்ஸ் பிரின்ஸெப் 1836இல் இக்கருவியைப் பற்றி எழுதியபோதும் அது கடலில் வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

அளவு விரல். அறபியில் இஸ்பஉ. ஒரு விரல் என்பது ஒன்றரைப் பாகைக்குச் சற்று அதிகம். துருவ நட்சத்திரம் தொடுவானத்துக்கு மேல் எத்தனை பாகையோ, நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய அத்தனை பாகை. கொழும்பு ஏழு பாகைக்குக் கிட்ட இருக்கிறது. எனவே நம் வானத்தில் இன்று துருவ நட்சத்திரம் சுமார் நான்கு விரல் உயரத்தில் நிற்கிறது. கொழும்புக்கும் காலிக்கும் இடையில் அரை விரலுக்குச் சற்றுக் கூட. கால் விரல் பிழைத்தால் கொழும்பு என்று நம்பிக் களுத்துறைக்கு முன்னால் வந்து நிற்க வேண்டியதுதான். ஒரு விரல் தூரத்தைக் கடக்க எட்டு ஸாம். ஒரு ஸாம் என்பது மூன்று மணி நேர ஓட்டம்.

இவ்வளவு எளிய கருவிக்கு இவ்வளவு பெரிய நூல் ஏன் என்று எனக்கும் முதலில் தோன்றியது. விடை அந்தக் கருவியின் பலவீனங்களில் இருக்கிறது. ஆளுக்கு ஆள் கை நீளம் வேறு, முகம் வேறு. ஒருவருக்காக அளந்து கட்டிய கயிறு இன்னொருவர் வாயில் வேறு கோணத்தைக் காட்டும். நனைந்த கயிறு ஒரு நீளம், காய்ந்த கயிறு இன்னொரு நீளம். மரம் நல்ல மரமாக இல்லாவிட்டால் உப்புக்காற்றில் வளைந்துவிடும். ஆகவே பலகையை அவ்வப்போது வானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அய்யூக் என்ற பிரகாசமான நட்சத்திரத்துக்கும் அதன் துணை நட்சத்திரத்துக்கும் இடையிலான தூரத்தை அவர்கள் நான்கு விரல் என்று வைத்திருந்தார்கள். அல்லாஹ் வைத்த அந்த இடைவெளி மாறாது, பலகைதான் மாறும்.

வானத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. இன்று துருவ நட்சத்திரம் வானத்தின் வட முனையை ஒட்டியே நிற்கிறது. இப்னு மாஜித் காலத்தில் மூன்று பாகைக்கு மேல் விலகி நின்று, அந்த முனையைச் சுற்றி வந்தது. ஒரே துறைமுகத்தில் ஒரே இரவில் மாலையில் ஒரு உயரமும் விடியலில் வேறு உயரமும் காட்டும். எனவே அது எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஃபர்கதான் என்னும் இரட்டை நட்சத்திரங்களை வைத்தும், சந்திர மனைகளை வைத்தும் அறிந்து, கூட்டிக் கழித்துக்கொள்ளும் கணக்கு ஒன்று இருந்தது. பாஷி என்பது அதன் பெயர். அந்தக் கணக்கைச் செய்யத் தெரிந்தவர்தான் முஅல்லிம். பலகை எவரிடமும் இருக்கலாம்.

இந்தச் சிரத்தையின் அருமை எனக்கு விளங்கியது என் வாப்பாவின் செக்ஸ்டன்ட் கருவியால். அவர் வர்த்தகக் கப்பல்களில் அதிகாரியாக இருந்தவர். கப்பலில் பொதுவான கருவி ஒன்று இருக்கும். ஆனாலும் அக்கால அதிகாரிகள் தமக்கென ஒன்று வைத்துக்கொள்ளவே விரும்பினார்கள், இன்னொருவர் கைபட்ட கருவியின் பிழை இன்னது என்று சொல்ல முடியாது என்பதால். 1731இல் ஜோன் ஹாட்லி என்ற ஆங்கிலேயர் இரண்டு கண்ணாடிகளை வைத்துச் செய்த கோணமானியின் வழிவந்தது அது. ஒரு கண்ணாடியில் நட்சத்திரத்தைப் பிடித்து இறக்கி, மற்றக் கண்ணாடியில் தெரியும் தொடுவானத்தின் மேல் உட்கார வைப்பதே அதன் வேலை. கப்பல் ஆடினாலும் இரண்டும் சேர்ந்தே ஆடுவதால் அளவு கலையாது. பலகையால் செய்ய முடியாதது இதுதான். பாகையின் அறுபதில் ஒரு பங்கைக் கலை என்பார்கள். செக்ஸ்டன்ட் கலையின் சிறு பங்கைக்கூடக் காட்டும். ஒரு கலை பிழைத்தால் ஒரு கடல் மைல், 1852 மீற்றர், பிழைக்கும். வெள்ளவத்தை ரயில் நிலையத்திலிருந்து பம்பலப்பிட்டி நிலையம் அளவு தூரம்.

வாப்பா அதைப் பழையதாகத்தான் வாங்கினார். எப்படிப் பார்த்து வாங்கினார் என்பதை நுகேகொடை வீட்டில் எத்தனையோ முறை சொல்லிக் காட்டியிருக்கிறார். முதலில் பெட்டியைத் திறந்து மூடியின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் கருவிக்கு எந்தப் பாகையில் எவ்வளவு பிழை என்று செய்தவர்கள் சோதித்து எழுதிய சான்றிதழ் அங்கே ஒட்டியிருக்கும். பிழையே இல்லாத கருவி என்று ஒன்று இல்லை. பிழை இவ்வளவு என்று எழுதித் தந்த கருவிதான் நல்லது. அடுத்தது சட்டம். விழுந்த கருவிக்குப் புதிய வர்ணம் பூசலாம், வளைந்த வில்லை நிமிர்த்த முடியாது. அசையும் கரத்தை வில்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்த்தினால் எந்த இடத்திலும் இடறக்கூடாது. பிறகு நுண்திருகை ஒரு பக்கம் திருப்பி ஒரு அளவு, மறுபக்கம் திருப்பி அதே இடத்தில் இன்னொரு அளவு எடுக்க வேண்டும். இரண்டும் விலகினால் பற்கள் தேய்ந்திருக்கின்றன என்று அர்த்தம். கண்ணாடிகளின் ஓரத்தில் கறுப்புப் புள்ளி இருந்தால் உள்ளே இரசம் உரிகிறது. அது மாற்றக்கூடியது, விலையைக் குறைத்துக் கேட்கலாம். சூரியனைப் பார்க்கும் நிறக்கண்ணாடிகளில் கீறலோ வெடிப்போ இருந்தால் கண்ணுக்கே ஆபத்து. கடைசியாகக் கைப்பிடியில் பிடித்து ஐந்து நிமிடம் தூக்கி நிற்க வேண்டும். பித்தளைக் கருவி உறுதியானது, ஆனால் கனம். கை நடுங்கினால் உறுதியால் என்ன பயன்? அவர் எடுத்தது இலேசான உலோகச் சட்டமுடைய ஜப்பானிய தமாயா. பிளாஸ்டிக்கில் செய்தவையும் உண்டு. பழகுவதற்கு நல்லவை, விலையும் குறைவு. ஆனால் நம் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் அவற்றின் பிழையே மாறிவிடும்.

வாங்குவது ஒரு நாள் வேலை. வைத்துக் காப்பது ஆயுள் வேலை. அசையும் கரத்திலோ வில்லிலோ பிடித்துத் தூக்கக்கூடாது. சட்டத்தில் அல்லது கைப்பிடியில் மட்டும். சிறு வயதில் எனக்கு விழுந்த ஒரே கடும் ஏச்சு இதற்காகத்தான். கடல்நீர் தெறித்திருந்தால் நல்ல தண்ணீரில் நனைத்த மென்மையான துணியால் ஒற்றி, உடனே உலர்த்த வேண்டும். தேய்த்தால் உப்புத் துகள் கண்ணாடியைக் கீறும். திருகுக்கும் பற்களுக்கும் ஒரு துளி மெல்லிய எண்ணெய் போதும். பித்தளை பளபளக்க வேண்டும் என்று வில்லைப் பொலிஷ் போட்டுத் துடைத்தால் அளவுக் கோடுகள் அழியும். வெயிலில் திறந்து வைக்கக்கூடாது. நம் ஊரின் பெரிய எதிரி ஈரம். கடலிலிருந்து சற்று உள்ளே இருக்கும் நுகேகொடையிலேயே மழைக்காலத்தில் வில்லைகளில் பூஞ்சணம் படர்ந்துவிடும். வெள்ளவத்தைக் கடற்கரை வீடுகளில் இரும்புக் கேற் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதி வைத்து, மாதம் ஒருமுறை அதை மாற்றுவோம்.

எல்லாவற்றுக்கும் மேலானது சோதனை. கரத்தைச் சைபரில் வைத்துத் தொடுவானத்தைப் பார்த்தால் நேரே தெரியும் கோடும் கண்ணாடியில் தெரியும் கோடும் ஒன்றாக ஓட வேண்டும். படிக்கட்டு மாதிரி ஒன்று ஏறி ஒன்று இறங்கித் தெரிந்தால் பிழை உண்டு. இரண்டும் சேரும் வரை திருகைத் திருப்பி, திருகு காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, எடுக்கும் ஒவ்வொரு அளவிலும் அதைக் கழிக்கவோ கூட்டவோ வேண்டும். கண்ணாடிகள் சட்டத்துக்குச் செங்குத்தாக நிற்கின்றனவா என்பதைப் பார்க்க வேறு இரண்டு சோதனைகள் உண்டு. பிழை இரண்டு மூன்று கலைக்குள் இருந்தால் வாப்பா திருத்தியாணியைத் தொடவே மாட்டார். அடிக்கடி திருகினால் ஆணி இளகி, பிழை ஒரு நாள் ஒன்று மறுநாள் ஒன்று என்று ஆகிவிடும். தெரிந்த பிழையோடு வாழலாம், நிலையில்லாத பிழையோடு கப்பல் ஓட்ட முடியாது என்பது அவர் கருத்து. அய்யூக்கையும் அதன் துணையையும் பார்த்துப் பலகையைச் சோதித்தவர்களைப் பற்றி வாசித்தபோது எனக்கு அவர்கள் அந்நியராகத் தோன்றவில்லை.

நட்சத்திரத்தை அளக்க எந்நேரமும் முடியாது என்பதையும் அவரிடம்தான் கற்றேன். நன்றாக இருட்டிவிட்டால் தொடுவானம் தெரியாது. வெளிச்சம் இருந்தால் நட்சத்திரம் தெரியாது. இரண்டும் சேர்ந்து தெரிவது மஃரிபுக்குப் பின் சிறிது நேரம், சுபஹுக்கு அருகே சிறிது நேரம். பாமன்கடை வழியாக வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போய், ரயில் பாதைக்கு அப்பால் நின்று சூரியனை அவர் தொடுவானத்தில் உட்கார வைத்துக் காட்டுவார். பாங்கு கேட்டதும் பெட்டியை மூடுவார். தொழுதுவிட்டு வரும்போது நட்சத்திரத்துக்கான நேரம் சரியாக இருக்கும். கடலில் தொழுகை நேரத்தை அறிவதும் கப்பலின் இடத்தை அறிவதும் ஒரே வானத்தைப் பார்த்துத்தான்.

இனி அந்தச் செய்தி. வாஸ்கோ ட காமா 1498 ஏப்ரல் 24இல் ஆபிரிக்கக் கரையின் மாலிந்தியிலிருந்து புறப்பட்டு மே 20இல் கள்ளிக்கோட்டைக்கு அருகே நங்கூரமிட்டார். மாலிந்தி அரசர் கொடுத்த வழிகாட்டி ஒருவர் கப்பலில் இருந்தார். அவர் இப்னு மாஜித் என்று எழுதியவர் மக்காவில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் குத்புத்தீன் அந்-நஹ்ரவாலி. அதோடு விடவில்லை. போர்த்துக்கேயர் குடிக்கக் கொடுத்தார்கள், போதையில் வழியைச் சொல்லிவிட்டார் என்றும் எழுதினார். ஒரு முஸ்லிம் மீது இதைவிடப் பெரிய பழி வேறென்ன?

நாம் வகுப்பில் ஹதீஸ் கலை படிக்கிறோம். சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா, அதைவிட வலுவான அறிவிப்பு எதிராக இருக்கிறதா என்று பார்க்கிறோம். அதே அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தேன். நஹ்ரவாலி பிறந்தது 1511இல். நடந்த சம்பவத்துக்கு 13 ஆண்டுகள் பிந்தி. எழுதியது இன்னும் அறுபது ஆண்டுகள் கழித்து, யமனை உஸ்மானியர் வென்ற வரலாற்றுக்கு முன்னுரை போல. இடையில் இருக்க வேண்டிய சங்கிலி அங்கே இல்லை. மறுபக்கம் போர்த்துக்கேயர் நூல்கள். கப்பலில் இருந்தவர் எழுதிய நாட்குறிப்பு இப்னு மாஜிதின் பெயரைச் சொல்லவில்லை. பின்னர் வந்த பர்ரோஸ் என்ற வரலாற்றாசிரியர் வழிகாட்டி குஜராத்தைச் சேர்ந்த முஸ்லிம் என்றும், பெயர் மலெமோ கனா என்றும் எழுதுகிறார். மலெமோ என்பது முஅல்லிம். கனா என்பது கணிப்பவர் என்ற பொருளுடைய கணக என்ற சொல்லின் திரிபு. ஆக அது ஆளின் பெயரே இல்லை, தொழிலின் பெயர், இரண்டு மொழியில். இப்னு மாஜிதோ ஜுல்ஃபார் அறபி. அப்போது வயது அறுபதைத் தாண்டியிருக்கும். தாம் செய்த சிறு காரியத்தைக்கூடப் பெருமையாகப் பாடும் அந்த மனிதர் இப்படி ஒரு பயணத்தைத் தம் நூல்களில் எங்கும் உரிமை கோரவில்லை. ஸுஃபாலிய்யா என்ற செய்யுளில் பறங்கியரின் வருகை பற்றிய வரிகள் இருக்கின்றன. அவை அவருடையவைதாமா என்பதிலேயே அறிஞரிடையே சந்தேகம் உண்டு. அவற்றிலும் வழிகாட்டியது நான் என்ற பேச்சு இல்லை. கப்பலில் கால் வைத்தால் துப்பரவோடும் அல்லாஹ்வின் நினைவோடும் இருக்க வேண்டும் என்று மாணவருக்கு எழுதியவர் மீது போதைக் கதை ஒட்டவும் மாட்டேன் என்கிறது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மாலிந்தியிலிருந்து கள்ளிக்கோட்டைக்குப் பருவக்காற்றில் ஓடுவது அக்காலத்தில் இரகசியமே இல்லை. அந்தத் துறைமுகத்தில் இருந்த எந்த முஅல்லிமுக்கும் தெரிந்த வழி. அதற்கு அந்த நூற்றாண்டின் தலைசிறந்த ஆளைத் தேடிப்பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. பிரெஞ்சு அறிஞர் கப்ரியேல் ஃபெரான் 1920களில் பாரிஸ் நூலகத்தில் இருந்த இப்னு மாஜிதின் கையெழுத்துப் பிரதிகளை அச்சிட்டு உலகுக்குக் காட்டினார். அது பெரும் உதவி. ஆனால் நஹ்ரவாலியின் கதையையும் அவரே பரப்பினார். அங்கிருந்து பாடப்புத்தகங்களுக்குப் போய்விட்டது. ஃபவாயிதை ஆங்கிலத்தில் பெயர்த்து 1971இல் வெளியிட்ட டிபெட்ஸ் அதைச் சந்தேகத்தோடு பார்த்தார். சார்ஜாவின் ஆட்சியாளர் சுல்தான் அல்-காஸிமி அதை மறுத்து ஒரு நூலே எழுதினார்.

இலங்கையில் இருக்கும் நமக்கு இது வெறும் ஏட்டுச் சண்டை அல்ல. காமா போய் ஏழே ஆண்டில், 1505இல், போர்த்துக்கேயக் கப்பல்கள் இந்தத் தீவுக்கு வந்தன. அப்போது கொழும்புத் துறையில் கறுவா வியாபாரம் செய்துகொண்டிருந்தவர்கள் சோனகர்கள். 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி அரசர் செனரத் அவர்களில் பலரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினார். கிழக்கிலிருந்து நம் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளில் சிலரின் குடும்பக் கதை அங்கேதான் தொடங்கக்கூடும். இவ்வளவு துயரத்தையும் ஒரு தனி மனிதரின் தலையில் ஏற்றிவிடுவது சுலபம். பறங்கியரின் பீரங்கிகளையும் பேராசையையும் விசாரிப்பதைவிட அது சுலபம்.

சிரிப்பதற்கும் ஒரு கதை உண்டு. நுகேகொடைக்குப் பக்கத்திலிருக்கும் கோட்டேதான் அப்போது தலைநகர். முதன்முதலில் வந்த பறங்கித் தூதரை வழி தெரியக்கூடாது என்று சுற்றிச் சுற்றி நாள்கணக்கில் நடத்திக் கூட்டிப்போனார்களாம். கப்பலிலிருந்து அவ்வப்போது வெடித்த பீரங்கிச் சத்தத்தைக் கேட்டு, அரண்மனை துறைமுகத்துக்குக் கிட்டத்தான் என்று அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்களாம். சுற்றுவழியில் போகிறவர்களைப் பார்த்து, பறங்கி கோட்டேக்குப் போன மாதிரி என்று சிங்கள அயலவர்கள் இன்றும் சொல்வது இதை வைத்துத்தான்.

இப்னு மாஜிதின் மூன்று செய்யுள்கள் லெனின்கிராட்டில் கிடந்தன. அவற்றைப் பதிப்பிக்க முனைந்த மாணவர் தியோதர் ஷுமோவ்ஸ்கி 1938இல் கைதாகி ஸ்டாலினின் முகாம்களில் பல ஆண்டுகள் கழித்தார். வெளியே வந்து 1957இல் வேலையை முடித்தார். அதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1554இல், துருக்கிய கடற்படைத் தலைவர் ஸீதி அலி ரெயிஸ் இப்னு மாஜிதின் நூல்களை வைத்துத் தம் கடல் நூலைச் செய்திருந்தார். இன்று கப்பல்கள் ஜீ.பீ.எஸ். பார்த்து ஓடுகின்றன. ஆனால் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி கைவிட்டிருந்த நட்சத்திர வழியறிதலை 2015இல் மறுபடியும் கற்பிக்கத் தொடங்கியது. அண்மை ஆண்டுகளில் செய்மதிச் சமிக்ஞை குழம்பித் தடுமாறும் கப்பல்கள் அதிகம் இருக்கும் கடல்களில் ஒன்று, இப்னு மாஜித் பிறந்த அதே வளைகுடா.

தேதி தெரிந்த அவருடைய கடைசிச் செய்யுள் ஹிஜ்ரி 906ஐச் சேர்ந்தது. 1500க்கும் 1501க்கும் இடைப்பட்ட காலம். அதே 1500ஆம் ஆண்டில் கப்ரால் தலைமையில் இந்தியாவுக்குப் புறப்பட்ட போர்த்துக்கேயக் கப்பல்கள் வழியில் பிரேஸில் கரையைத் தொட்டன. காமாவின் ஆட்கள் இந்து சமுத்திரத்திலிருந்து கொண்டுபோன பலகைகள் அந்தக் கப்பல்களில் இருந்தன. மாஸ்டர் ஜுவான் என்ற மருத்துவரிடம் அவற்றைச் சோதிக்கும் பொறுப்பு இருந்தது. மே 1ஆம் தேதி அவர் தம் அரசருக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியப் பலகைகளால் அளப்பது பெரும் பாடாக இருக்கிறது என்றும், விரல் கணக்கில் ஆளுக்கு ஆள் ஒத்துப்போகவில்லை என்றும் அதில் முறையிட்டிருந்தார்.